கால்நடை மருத்துவர் பதில்கள்: நாய்க்கு நிற்க நேரம் கொடுங்கள்

இந்த முறை சேலம் வட்டாரத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்களைப் பற்றியவை. நோய், தடுப்பூசி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, நாயின் புலன்களையும் நடத்தையையும் பற்றிக் கேட்ட ஐந்து கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் நான்கு வயது நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. காலையில் சங்கிலி போட்டு நடைக்கு அழைத்துச் சென்றால் பத்தடிக்கு ஒரு தரம் நின்று, சில்வர் ஓக் மரத்தடி, வேலிக்கல் என எதையும் விடாமல் முகர்ந்து பார்க்கிறது. அரை மணி நேர நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இழுத்துக்கொண்டு போவதில் தவறுண்டா? அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?
(ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ‘நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை’ என்று சொல்லிவைத்தவர் ஒரு நாளாவது நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்க மாட்டார். அதற்கு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய நிற்கவும் வேண்டியிருக்கிறது. நீங்கள்தான் நேரம் கொடுக்க மறுக்கிறீர்கள்.

மனித மூக்கில் மணத்தை அறியும் ஏற்பிகள் 50 முதல் 60 லட்சம் வரை இருக்கின்றன. நாய்க்கு அவை இனத்துக்கேற்ப 12 கோடியில் தொடங்கி 30 கோடி வரை போகின்றன. எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பூட்டுவது அந்த மூக்கின் கட்டமைப்புதான். நாம் மூச்சு விடுவதும் முகர்வதும் ஒரே பாதையில் நடப்பதால், வெளிவிடும் மூச்சு உள்ளே வந்த மணத்தையும் கூடவே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நாய் முகரும்போது, உள்ளே இழுத்த காற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தனியாகப் பிரிந்து, மூக்கின் பின்கோடியில் மோப்பத்துக்கென்றே அமைந்த அறைக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்து வெளிவரும் மூச்சு அந்த அறையைத் தொடுவதில்லை. நாசித்துளையின் பக்கவாட்டில் உள்ள பிளவு வழியாகப் பின்னோக்கி வெளியேறுகிறது. நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை இது நடப்பதால், மணம் அந்த அறையில் அறுபடாமல் நிரம்பிக்கொண்டே இருக்கிறது.

இதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். காப்பிக் கொட்டை காயவைக்கும் களத்தில் புழுதி படிந்திருக்கும் நாளில், நாய் தரையை முகரும்போது அதன் முகத்தருகே குந்தி உட்காருங்கள். மூக்குக்கு நேர் முன்னால் புழுதி அசையாமல் கிடக்க, இரு பக்கமும் மீசை முறுக்கினாற்போல் பின்னோக்கிப் பறக்கும். தான் முகர வேண்டிய இடத்தைத் தன் மூச்சாலேயே கலைத்துவிடாமல் இருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது.

வேலிக்கல்லில் இருப்பது பெரும்பாலும் மற்ற நாய்களின் சிறுநீர். வந்தது ஆணா பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா, பழக்கமான நாயா புதியதா, இன்று வந்ததா நேற்று வந்ததா என்பதை நாய் அதிலிருந்து அறிகிறது. மேல்வாய் முன்பற்களுக்குப் பின்னால் திறக்கும் ஒரு தனி உறுப்பும் இதற்கு உதவுகிறது. ஒரே இடத்தை முகர்ந்து நக்கி, பல்லை இலேசாக நெறித்துக்கொண்டு நாய் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்போது அந்த உறுப்புதான் வேலை செய்கிறது. நடந்துபோனவர் எந்தத் திசையில் போனார் என்பதைக்கூட நாய் மூக்காலேயே கண்டுபிடித்துவிடும். நார்வேயில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வைத்து நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முதல் ஐந்து காலடித் தடங்களை முகர்ந்த அளவிலேயே அவை சரியான திசைக்குத் திரும்பின. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே ஒரு நொடி வித்தியாசம்கூட இராது; அந்தப் பழமையின் வேறுபாட்டை அந்த மூக்கு பிரித்தறிகிறது என்றால் வேறென்ன சொல்ல!

ஆகவே தினமும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நடையில் ஒரு பாதி உங்களுக்கு, ஒரு பாதி அதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் மூக்கைப் பயன்படுத்தித் தேடும் விளையாட்டில் ஈடுபட்ட நாய்கள், காலடியை ஒட்டி நடக்க மட்டும் பழக்கப்பட்ட நாய்களைவிட நல்லதை எதிர்பார்க்கும் மனநிலையில் இருந்ததாக 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்த வகையில் ஏற்காட்டு நாய் கொடுத்துவைத்தது. கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் நாயால் ஒழுங்காக முகர முடியாது. இரைப்பு நிமிடத்துக்கு 200ஐத் தாண்டும்போது மூச்சு முழுவதும் உடம்புச் சூட்டைத் தணிப்பதிலேயே போய்விடுகிறது. உங்கள் ஊர்க் குளிரிலும் ஈரக்காற்றிலும் அந்தத் தொல்லை இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: தோட்டத்துப் பாதையில் நாய் திடீரென்று சிலைபோல் நின்று, தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தால் சங்கிலியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நீங்களும் நில்லுங்கள். வளைவுக்கு அப்பால் காட்டெருமை நிற்பது உங்களுக்கு முன்னால் அதற்குத் தெரிந்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டின் முன்பகுதியிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சுத்தியல் சத்தத்துக்கும் மோட்டார் சத்தத்துக்கும் நடுவில் எங்கள் நாய் நிம்மதியாகத் தூங்குகிறது. ஆனால் இடி இடிப்பதற்கு முன்பே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. ஆடித் திருவிழா வாணவேடிக்கை அன்றைக்குச் சோறே தின்பதில்லை. அணைத்துத் தட்டிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். உண்மையா?
(செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பக்கத்து வீட்டார் சொல்வது தவறு. பயம் என்பது வேண்டுமென்றே செய்யும் செயலன்று. அதற்குப் பரிசு கொடுத்து வளர்க்க முடியாது. நாய் உங்களிடம் ஒண்டிக்கொள்ள வந்தால் தாராளமாகத் தட்டிக்கொடுங்கள். கட்டிலடிதான் வேண்டுமென்றால் அங்கேயே விடுங்கள். காலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டாம்.

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள் உள்ள ஒலிகளை, கேட்கும். நாயின் காது ஏறத்தாழ 67இல் தொடங்கி 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மெல்லிய சத்தத்தை அறிவதிலும் நம்மைவிட அது கூர்மையானது. ஆனால் மிகத் தாழ்ந்த சுருதியுள்ள ஒலியில் அதற்கு நம்மைவிடக் கூடுதல் திறன் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பின் எப்படி இடிக்கு முன்பே தெரிகிறது? வானம் இருட்டுகிறது, காற்றுத் திசை மாறுகிறது, எங்கோ பெய்த மழையின் மண்வாசம் வருகிறது. இவற்றையடுத்து அந்தப் பெரிய சத்தம் வரும் என்பதை உங்கள் நாய் சில மழைக்காலங்களில் கற்றுக்கொண்டுவிட்டது. செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லவ், உணவு வருமுன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கண்டாரே, அதே கற்றல்தான் இங்கே அச்சமாக வருகிறது.

பட்டறைச் சத்தம் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் வருவது. அதனால் தனக்குத் தீங்கில்லை என்று நாய் குட்டியிலேயே பழகிவிட்டது. இடியும் வெடியும் எப்போது, எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாதவை. பழக்க விரும்பினால் இடியோசைப் பதிவைக் கைப்பேசியில் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் ஒலிக்கவிட்டு, அந்த நேரத்தில் மட்டும் வேகவைத்த முட்டையோ கறித்துண்டோ கொடுங்கள். நாய் காதை நிமிர்த்தாமல் தின்கிறது என்றால், சில நாள் கழித்து ஒலியை ஒரு படி ஏற்றலாம். இதை ஆடி மாதத்தில் தொடங்கிப் பயனில்லை. தை, மாசியில் தொடங்க வேண்டும். திருவிழா இரவன்று சன்னல்களை அடைத்து, உள்ளறையில் மின்விசிறியை ஓடவிடுங்கள். சோறே தின்னாத அளவு அச்சமென்றால் மருந்து உண்டு. அதைக் கால்நடை மருத்துவர்தான் எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிவைத்த தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: நான் வேலைக்குப் போயிருக்கும்போது செருப்பைக் கடித்துக் குதறிவிட்டு, நான் வந்ததும் காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி நிற்கிறது. தப்பு செய்தோம் என்று அதற்குத் தெரிகிறதுதானே?
(கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் முகம் மாறியது அதற்குத் தெரிகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தை வைத்துவிட்டு உரிமையாளர் அறையைவிட்டு வெளியேறுவார். திரும்பி வருபவரிடம், நாய் தின்றுவிட்டதாகவோ தின்னவில்லை என்றோ சொல்லப்படும். சொன்னது சில நேரம் மெய், சில நேரம் பொய். ‘குற்றவாளி முகம்’ தோன்றியது நாய் தின்றதைப் பொறுத்தன்று, உரிமையாளர் அதட்டியதைப் பொறுத்து. எதையும் தின்னாமல் வீண்பழி ஏற்ற நாய்கள்தாம் அந்த முகத்தை மிகுதியாகக் காட்டின. காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் விழும் அடி, நீங்கள் வீடு திரும்புவதையே அஞ்ச வேண்டிய ஒன்றாக அதற்குக் கற்றுக்கொடுக்கும். செருப்பைப் பரணில் வையுங்கள். கடிக்க வேறு ஏதாவது கொடுங்கள்.

கேள்வி: எங்கள் அம்மாயி படுத்த படுக்கையாக இருக்கிறார். ஒரு வாரமாகத் தெருநாய்கள் இரவில் ஊளையிடுகின்றன. நாயின் கண்ணுக்கு எமன் தெரிவான் என்று உறவினர்கள் கலங்குகிறார்கள். இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது?
(ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில், உங்கள் அம்மாயி நலம்பெற வேண்டுகிறேன். ஊளை என்பது ஓநாய் வழியில் வந்த தொலைதூரக் குரல். நீண்டு இழுக்கும் ஒலி குரைப்பைவிட வெகுதூரம் போகும். நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே என்பதே அதன் சாரம். ஒரு நாய் தொடங்கினால் தெருவே தொடரும். ஆம்புலன்ஸ் சைரனும் சங்கும் அதே போல நீண்ட ஒலிகள் என்பதால் அவற்றுக்கும் நாய்கள் எதிர்க்குரல் கொடுக்கின்றன. சாவு நடந்த இரவில் கேட்ட ஊளையை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகாத நூறு இரவுகளில் கேட்டதை எவரும் எண்ணிவைப்பதில்லை.

ஆனால் நோயின் வாடை நாய்க்குத் தெரியும் என்பது மெய்தான். 1989இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. பெண்ணொருவரின் காலில் இருந்த மச்சத்தை அவருடைய நாய் ஓயாமல் முகர்ந்து, கடித்தெடுக்கவும் முயன்றதால் அவர் மருத்துவரிடம் போக, அது தோல் புற்றுநோய் என்று தெரியவந்ததை அதை எழுதிய மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். காம்பியா நாட்டுக் குழந்தைகள் அணிந்த காலுறைகளை முகர்ந்தே, மலேரியாக் கிருமி உள்ளவர்களில் 70 விழுக்காட்டினரைப் பயிற்சி பெற்ற நாய்கள் கண்டறிந்தன என்று 2019இல் ஓர் ஆய்வு கூறியது. நானே அம்மாபேட்டையில் தறி ஓடும் வீடு ஒன்றுக்கு நாயைப் பார்க்கப் போயிருந்தபோது, படுத்திருந்த பெரியவரின் குதிகால் புண்ணுக்குப் போட்டிருந்த துணிக்கட்டை விட்டு மூக்கை எடுக்க மறுத்த நாயைக் கண்டேன். மறுநாள் கட்டைப் பிரித்தபோது உள்ளே சீழ் வைத்திருந்தது. மேலே துணி சுத்தமாகத்தான் இருந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த நாய் ஊளையிடவில்லை, முகர்ந்தது. தெருவில் ஊளையிடும் நாய்களை விட்டுவிடுங்கள். வீட்டு நாய் அம்மாயியின் உடம்பில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப முகர்ந்தால், அந்த இடத்தை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வாலாட்டும் நாய் கடிக்காது என்று என் ஒன்பது வயது மகன் தெருநாய்களைத் தொடப்போகிறான். நம்பலாமா?
(ஐந்து ரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நம்பக்கூடாது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். தானாக நிமிர்ந்து நிற்கும் வாலைத்தான் உங்கள் மகன் கண்டுகொள்ளப் பழக வேண்டும். விறைத்துத் தூக்கிய வால் குறுகலாக, வேகமாக ஆடினால், உடம்பும் அசையாமல் நின்றால், அது நட்பன்று. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால்தான் வரவேற்பு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் இன்னும் நுணுக்கமான ஒன்றைக் கண்டார்கள்: உரிமையாளரைப் பார்க்கும்போது வால் வலப்பக்கம் கூடுதலாகவும், அறிமுகமில்லாத முரட்டு நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடுகிறது. ஆனால் தெருவில் நின்று இடம் வலம் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் மகனுக்கு அவகாசம் இராது.

நம் தெருநாய்கள் மனிதரைப் படிப்பதில் மட்டமல்ல. கொல்கத்தாவைச் சேர்ந்த ஆய்வாளர் அனிந்திதா பத்ராவின் குழு 160 தெருநாய்களுக்கு முன் மூடிய கிண்ணங்களை வைத்து, ஒன்றை நோக்கிக் கையை நீட்டிக் காட்டியது. ஏறத்தாழ பாதி நாய்கள் பயந்து கிட்டேயே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 விழுக்காடு, யாரும் பயிற்றாமலேயே கை காட்டிய கிண்ணத்துக்குப் போயின. அந்த முதல் பாதியை மகனுக்குச் சொல்லுங்கள். பயந்து ஒதுங்கும் நாயை நாமாகத் தேடிப் போய்த் தொடும்போது, அதற்கு ஓட வழியில்லாவிட்டால் கடிதான் மிஞ்சும். தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் எந்த நாயையும் தொடக்கூடாது.

கடித்துவிட்டால், கீறல்தானே என்று விடாமல் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் அப்பக்கூடாது. மருத்துவர் குறித்துக் கொடுக்கும் எல்லா நாள்களிலும் ஊசி போட்டாக வேண்டும். வெறிநோயின் அறிகுறி வெளியே தெரிந்த பிறகு காப்பாற்றுவது அனேகமாக முடியாத காரியம்.

நாய்க்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியுமா என்றும் உங்கள் மகன் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறான். நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், தம்பி. சிவப்புக்கும் பச்சைக்கும்தான் வேறுபாடு தெரியாது. வீட்டு நாய்க்குப் பந்து வாங்குவதாக இருந்தால் நீலத்தில் வாங்கு; புல்லில் சிவப்புப் பந்தை எறிந்துவிட்டு, தேடத் தெரியவில்லை என்று அதைத் திட்டாதே.