அம்பை விடுகிறேன் என்றவருக்கே முதல் அடியா?

வணக்கம். நீங்கள் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் கதை விளையாட்டு) ஆட்டத்தில், கொள்ளையனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே "அம்பை விடுகிறேன்" என்று ஆட்டக்காரர் ஒருவர் அறிவித்ததாகவும், பிறகு யார் முதலில் செயல்படுவார் என்பதை முடிவுசெய்ய உருட்டிய இனிஷியேட்டிவில் கொள்ளையன் முந்திவிட்டதால் அவர் மனம் வருந்தியதாகவும் எழுதியிருந்தீர்கள். 2014இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பின்படி, அம்புக்கு முன் இனிஷியேட்டிவ் உருட்டவைத்த உங்கள் தீர்ப்பே சரி. சண்டை மூண்டுவிட்டது என்று தெரிந்தவுடன் அனைவரும் இருபது முகப் பகடையை உருட்டி டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையரை (கதாபாத்திரத்தின் சுறுசுறுப்புக்கான எண்) கூட்ட வேண்டும்; அம்பு அவருடைய முறை வரும்போதுதான் பாயும். அவருக்கு 9, கொள்ளையனுக்கு 14 என்றால், கை வில்லை நோக்கிப் போவதைக் கண்டு கொள்ளையன் முந்திக்கொண்டான் என்று கதையில் சொல்லுங்கள். பகடையின் முடிவு அப்போது அநியாயமாகத் தோன்றாது.

எதிர்பாராத தாக்குதலுக்கான சர்ப்ரைஸ் விதி, ஆபத்தைச் சற்றும் உணராதவனுக்கே பொருந்தும். அவன் தன் முதல் முறையில் நகரவோ செயல்படவோ இயலாது. அம்முறை முடியும்வரை, பிறர் செயலுக்கு உடனே பதிலாகச் செய்யும் ரியாக்‌ஷனும் கிடையாது. நேருக்கு நேர் நின்று மிரட்டிக்கொண்டிருக்கும் கொள்ளையன் விழிப்பாகவே இருப்பான் என்பது என் கருத்து. 2024 விதிகளிலோ, சர்ப்ரைஸுக்கு உள்ளானவன் இனிஷியேட்டிவை டிஸ்அட்வான்டேஜோடு (இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது) உருட்டினால் போதும், முறையை இழப்பதில்லை.

ரெடி செயலை (குறித்த ஒன்று நடந்தவுடன் செயல்பட முன்கூட்டியே ஆயத்தமாவது) சண்டைக்கு வெளியே அனுமதிக்காதீர்கள். அனுமதித்தால் முதலில் வாய்திறப்பவருக்கே முதல் அடி என்றாகி, இனிஷியேட்டிவ் உருட்டுவதற்கே பொருளில்லாமல் போகும்.