வைட்டமின் குறைபாடு இருப்பதை எந்த அறிகுறிகளை வைத்துத் தெரிந்துகொள்வது?

அறிகுறியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டுதான் ஏழெட்டு மாதத்தை வீணாக்கினேன்.

முதலில் இரண்டு பாதமும் அடிக்கடி மரத்துப்போனது, உட்காரும் விதம் சரியில்லை என்று நாற்காலியை மாற்றினேன். அப்புறம் சூடாக எதைக் குடித்தாலும் நாக்கு எரிந்தது. தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று வாயில் வராது, வயதாகிறது என்று விட்டுவிட்டேன். மூன்றுக்கும் காரணம் வைட்டமின் பி12 குறைவு, ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மருத்துவர் முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" நெஞ்செரிச்சலுக்காக நாலு வருடமாகத் தினமும் ஒமிப்ரசோல். உணவிலிருந்து பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும், அந்த மாத்திரை அடக்குவதோ அதே அமிலத்தைத்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கும், பால், முட்டைகூடத் தொடாத சைவர்களுக்கும் இந்தக் குறைபாடு வரலாம். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் சத்தமே இல்லாமல் வரும்.

எனக்கு ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. ரத்தசோகை இல்லாமலே நரம்பு பாதிக்கப்படலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. இதில் ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமினை மட்டும் விழுங்கினால் இன்னும் மோசம்: ரத்தம் தேறிவிடும், நரம்புச் சேதம் பாட்டுக்கு நடக்கும். நான் வேறு அதற்கு முன்பே கண்ட மல்டிவிட்டமினையும் வாங்கிப் போட்டிருந்தேன், அதனால் பி12 அளவு இரண்டுங்கெட்டானாக வந்து, பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மீத்தைல்மலோனிக் அமிலம் என்று இன்னொரு பரிசோதனை பார்த்த பிறகே முடிவுக்கு வந்தார்கள். மாத்திரை வாங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மற்றவை: மங்கிய வெளிச்சத்தில் கண் தெரியாவிட்டால் ஏ குறைவா என்று பார்க்க வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால் உடனே சி என்பார்கள், பெரும்பாலும் அது ஈறு நோய்தான். டி குறைந்த பலருக்கு அறிகுறியே இருக்காது. நகத்தில் வெள்ளைப் புள்ளி கால்சியம் குறைவு என்பதெல்லாம் சும்மா, எங்கோ இடித்துக்கொண்ட தடமாகத்தான் இருக்கும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள், முடிவே தப்பாக வரலாம்.

எனக்கு ஊசி போட்டார்கள். நாக்கு சில வாரங்களில் சரியானது, பாதத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. இடது கால் கட்டைவிரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது.