அந்த ஊரில் சனம் எங்கே சமைக்குது?

வணக்கம் அண்ணா,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சூப்பர் ஹீரோ குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். போன் கமராதான். கதை நடப்பது ஒரு கற்பனை நகரத்தில். கிளிநொச்சியில் ஏ9 வீதியில் எடுத்த காட்சிகளுக்குப் பின்னால் கணினியில் உயரமான கட்டடங்களைச் சேர்த்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். "கிளிநொச்சிக்குப் பின்னால துபாய் எப்ப வந்தது?" என்று ஒருவர் கேட்டார். பேட்மேன் படங்களில் வருகிற கோதமும் இல்லாத ஊர்தானே? அதைப் பார்த்து ஏன் ஒருவரும் சிரிப்பதில்லை? எல்லாம் காசுதானா? அல்லது எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு ஊரைக் கற்பனை செய்யவே முடியாதா? நேரம் கிடைத்தால் பதில் எழுதுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். படம் முடியும்வரை வீட்டுக்குத் தெரியக்கூடாது.

- மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் எனக்கு அம்மம்மாவை ஞாபகப்படுத்திவிட்டது. அவருடைய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு. சமாதான காலம், பாதை திறந்திருந்தது. வவுனியாவிலிருந்து வந்த மாமா ஒரு சிடி கொண்டுவந்தார். 1989இல் வந்த பேட்மேன் படம். வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றர் வளவு மூலையில் இரைய, முற்றத்தில் பாய் விரித்து இருபது பேர் இருந்து பார்த்தோம். ஒருவருக்கும் முழுதாக விளங்கவில்லை, ஆங்கிலம். அம்மம்மா பாதிப் படத்தில் கேட்டார்: "உந்த ஊரில சனம் எங்க சமைக்குது? நிலத்துக்குள்ளால புகை வருது, அடுப்புக்குள்ளால வரக் காணேல்ல."

அன்றைக்குச் சிரித்தோம். இப்போது எந்தக் கற்பனை நகரத்தைத் திரையில் பார்த்தாலும் அந்தக் கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது. நாயகன் நித்திரை கொள்கிற நேரத்திலும் அந்த ஊர் தன்பாட்டில் நடக்கிறதா? அங்கே யாரோ தேத்தண்ணி வைக்கிறார்களா? நம்ப முடிந்தால் அந்த ஊருக்கு உயிர் வந்துவிட்டது.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். காசு வேண்டும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அம்மம்மா பார்த்த கோதத்தின் தெருக்களை இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டூடியோவில் உண்மையாகவே கட்டி எழுப்பினார்கள். வடிவமைத்த ஆன்டன் ஃபர்ஸ்டுக்கு அதற்காக ஒஸ்கார் கிடைத்தது. ஆனால் அவர் செங்கல் அடுக்குவதற்கு முன்னால் ஒரு விசயத்தைத் தீர்மானித்திருந்தார். கட்டடங்களுக்கு ஒரு சட்டமும் இல்லாமல், ஒவ்வொருவரும் நினைத்தபடி கட்டிக்கொண்டே போன நகரம் எப்படி இருக்கும்? தேவாலயக் கோபுரத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலைக் குழாய், அதன் தலையில் பாலம், கீழே வெயிலே விழாத தெரு. எல்லாமே அந்த ஒரு தீர்மானத்திலிருந்து வந்தவை. அதனால்தான் எவ்வளவு மிகையாக இருந்தாலும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் துபாய்க் கட்டடங்களை யார் கட்டினார்கள், என்ன தேவைக்கு? படத்தில் அது ஒரு வார்த்தையாகவும் வராமல் போகலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2005இல் வந்த பேட்மேன் பிகின்ஸ் படத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள், இந்த முறை தண்ணீரை மட்டும் கவனித்து. வில்லனின் திட்டம் முழுக்க ஊரின் குடிநீர்க் குழாய்களில் இருக்கிறது. நாள்கணக்காகத் தண்ணீரில் நஞ்சு கலந்துவிடுகிறார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாது, ஆவியாகி மூச்சில் போனால்தான் ஆபத்து. குழாய்களெல்லாம் வந்து சேருகிற இடம் நகரின் நடுவிலுள்ள கோபுரத்தின் அடியில். அந்தக் கோபுரத்துக்குத்தான் உயரத்தில் ஓடுகிற ரயிலும் வருகிறது. நாயகனின் தகப்பன் ஊருக்காகக் கட்டுவித்த ரயில் அது. பிள்ளையாக அவன் தகப்பனோடு ஏறிப் போகும்போது பளபளவென்று இருக்கிறது. வளர்ந்து திரும்பி வரும்போது அதே ரயில் கறுத்து, சுவரெல்லாம் கிறுக்கலாகிக் கிடக்கிறது. இருபது வருடத்தில் அந்த ஊர் எப்படி வீழ்ந்தது என்று எந்த வசனமும் சொல்ல வேண்டியதில்லை, ரயில் பெட்டியின் சுவர் சொல்லிவிடுகிறது.

வன்னியில் பிறந்தவனுக்கு இது உடனே விளங்க வேண்டும். எங்களுக்கு ஊரின் வரைபடம் என்றாலே தண்ணீர்தானே. இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகம் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். எந்த வாய்க்காலுக்கு முதலில் திறப்பது, கடைசி வாய்க்காலில் இருக்கிறவனுக்கு எப்போது போய்ச் சேரும், இரவில் யார் மண்வெட்டியோடு வரம்பில் நிற்பது: இதற்குள் ஒரு வில்லனும் ஒரு நாயகனும் தாராளமாக இருக்கலாம். கோதத்தை எழுதியவர்கள் தங்கள் நகரத்தின் குழாயைத்தான் தேடிப் போனார்கள். நீங்கள் குளக்கட்டில் பிறந்துவிட்டு ஏன் கண்ணாடிக் கோபுரத்தைத் தேடுகிறீர்கள்?

அந்தப் படத்தில் 'நரோஸ்' என்று ஒரு சேரித்தீவு வரும். ஒரு காலத்தில் ஆகாயக் கப்பல்களை நிறுத்துவதற்காகக் கட்டிய, இங்கிலாந்தின் கார்டிங்டனில் உள்ள மாபெரும் கொட்டகைக்குள் அதைக் கட்டினார்கள். ஆனால் முன்மாதிரி ஹொங்கொங்கில் உண்மையில் இருந்த கவுலூன் கோட்டைக் குடியிருப்பு. 1987இல் எடுத்த கணக்கின்படி ஆறரை ஏக்கர் அளவான நிலத்தில் ஏறத்தாழ 33,000 பேர் வாழ்ந்தார்கள். ஆறரை ஏக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பம் வயல் செய்கிற நிலம். நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் வீட்டுச் சுவரில் இன்னொருவர் படி ஏறுகிற இடம். 1994இல் அதை முழுதாக இடித்துவிட்டார்கள். இடிக்கப்பட்ட ஊர் பத்து வருடம் கழித்து, வேறு பெயரில், வேறு நாட்டில், ஒரு கொட்டகைக்குள் எழும்பியது. இடிந்த ஊர்களிலிருந்து வந்த எங்களுக்கு அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

இன்னொன்று. திரையில் புதிய சாமான் எப்போதும் பொய்யாகத் தெரியும். செற் போடுகிற இடங்களில் சுவரைப் பழசாக்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கறள், ஊத்தை, கை பட்டுப் பட்டு மினுங்கிய இடம், மழைத் தண்ணீர் வழிந்த கோடு எல்லாம் அவர்கள் தூரிகையால் கொண்டுவருவது. நல்லவர்கள் கண்ட இடத்தில் அழுக்குப் பூசமாட்டார்கள். தண்ணீர் எங்கிருந்து ஒழுகியிருக்கும், கை எந்த உயரத்தில் பட்டிருக்கும் என்று யோசித்துத்தான் பூசுவார்கள்.

எங்கள் பக்கத்து வளவு அக்காவின் குசினிக் கூரையில் இரண்டு பழைய தகரம் கிடக்கிறது. மற்றத் தகரமெல்லாம் புதிது. அந்த இரண்டிலும் இப்போது அடித்திருக்கும் ஆணிகளைத் தவிர, முன்பு அடித்துக் கழற்றிய ஆணிகளின் ஓட்டைகள் வரிசை வரிசையாக உண்டு. 1996இல் இடம்பெயர்ந்தபோது கூரையைக் கழற்றிக்கொண்டு போய் ஸ்கந்தபுரத்தில் அடித்த வரிசை ஒன்று. திரும்பி வந்து அடித்தது ஒன்று. 2008இல் தருமபுரத்தில், வேறு யாருடையதோ வளவில், பச்சை மரத்தில் அவசரமாக அடித்தது ஒன்று. அந்த வரிசை மட்டும் கோணல். மீள்குடியேறிய பிறகு விட்டுவந்த இடத்தில் தேடி எடுத்தவை இந்த இரண்டும்தான். சில ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்திருக்கிறார், சிலதை விட்டுவிட்டார். மத்தியானத்தில் அந்த ஓட்டைகளால் வெயில் விழும்போது அடுப்படி நிலத்தில் சின்னச் சின்னப் பொட்டுகளாக ஒளி கிடக்கும். அக்கா விரலால் காட்டுவார்: "உது ஸ்கந்தபுரம். உது தருமபுரம்." அடுப்புப் புகை எழும்பினால் ஒவ்வொரு பொட்டும் ஒரு ஒளிக்கம்பியாக நிற்கும்.

எந்தக் கலை இயக்குநரும் இதை யோசித்துச் செய்ய முடியாது, தம்பி. செய்தால் அவருக்கும் ஒஸ்கார் கொடுக்கலாம்.

உண்மையான இடத்தைக் கடன் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரியவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். 1978 சூப்பர்மேனின் மெட்ரோபோலிஸ் அப்படியே நியூயோர்க். 2008இல் வந்த பேட்மேன் படத்தில் கோதம் என்று காட்டியது பெரும்பாலும் சிகாகோ. அந்த நகரத்தின் லாசால் தெருவில் ஒரு பெரிய லொறியை உண்மையாகவே தலைகீழாகப் புரட்டி எடுத்தார்கள். 2019இல் வந்த ஜோக்கரில் அவன் ஆடி இறங்குகிற படிக்கட்டு நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் இருக்கிறது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது ஆட்டத்தை விட, தொடக்கத்தில் வேலை முடிந்து களைத்துப்போய் அதே படியில் அவன் ஏறுகிற காட்சி. ஒவ்வொரு நாளும் அந்தப் படியில் சாமான் பையோடு ஏறுகிற சனம் அங்கே உண்மையில் உண்டு. அந்தக் களைப்பு கல்லிலேயே இருக்கிறது.

2022இல் வந்த பேட்மேனில் லிவர்பூல், கிளாஸ்கோ, லண்டன் மூன்றையும் ஒட்டிக் கோதம் செய்தார்கள். கட்டி முடிக்காத உயர்ந்த கட்டடத்தில் நாயகன் நிற்கும்போது பின்னால் தெரிகிற அந்திநேர நகரம், பெரிய எல்ஈடி திரைகளில் ஓடவிட்ட படம். அதன் வெளிச்சம் நடிகரின் முகத்திலும் உடையிலும் விழுவதால் பின்னணி வேறு, ஆள் வேறு என்று தெரியவில்லை. உங்கள் துபாய் பிடிபட்டதற்கு ஒரு காரணம் இதுதான். ஏ9 வீதியில் உச்சி வெயில், ஒட்டிய கட்டடங்களில் மாலை வெயில். நிழல் ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம்.

அந்தப் படத்தின் முடிவில் கடலைத் தடுத்து நிற்கும் சுவர்களை உடைத்து ஊருக்குள் வெள்ளத்தை விடுவார்கள். இருட்டில், இடுப்பளவு தண்ணீரில், நாயகன் ஒரு சிவப்புத் தீச்சுடரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, சனம் அவன் பின்னால் வரும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்த இரவு எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் டோர்ச் பிடித்து முன்னால் நடந்தவர் ஒரு பாண் ஓட்டோக்காரர். படத்தைப் பார்க்கும்போது அவரைத்தான் நினைத்தேன். மூன்று மணிநேரப் படத்தில் அந்த ஒரு காட்சியில்தான் கோதம் எனக்கு என் ஊராகியது.

சரி, வகாண்டா என்ற கற்பனை ஆபிரிக்க நாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் குறையாகிவிடும். பிளாக் பாந்தர் படத்துக்காக தயாரிப்பு வடிவமைப்பாளர் ஹன்னா பீச்லர் அந்த நாட்டுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்தார். ஒவ்வொரு இனக்குழுவும் எங்கே வாழ்கிறது, என்ன கட்டுகிறது, வரலாறு என்ன என்று. திரையில் வந்தது அதில் கொஞ்சம்தான். 2019இல் அந்தத் துறையில் ஒஸ்கார் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார். வானுயர்ந்த கோபுரங்களின் தலையில் வேய்ந்த குடிசைக் கூரையின் வடிவத்தை வைத்தார். பாத்திரங்கள் பேசுவது தென்னாபிரிக்காவின் சோசா மொழி, உண்மையான மொழி. மற்றவர்கள் வந்து ஆளாமல் விட்டிருந்தால் எங்கள் ஊர் எப்படி வளர்ந்திருக்கும் என்ற கேள்வி அந்தப் படம் முழுக்க இருக்கிறது. எங்கள் கிடுகு, எங்கள் திண்ணை, எங்கள் பனைமரச் சிலாகை இவையெல்லாம் இருநூறு வருடம் தடையில்லாமல் வளர்ந்திருந்தால் என்ன கட்டடமாகியிருக்கும்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுப் படம் எடுத்தால் நான் முதல் வரிசையில் இருந்து பார்ப்பேன்.

உங்கள் நகரத்துக்கு என்ன பெயர் என்று எழுதவில்லை. பெயர் முக்கியம். கோதம் என்ற பெயரைப் பில் ஃபிங்கர் ஒரு தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த நகைக்கடைப் பெயரிலிருந்து எடுத்தார். 2021இல் வந்த மலையாளப் படம் மின்னல் முரளியின் ஊர் குறுக்கன்மூலை, அதாவது நரிமூலை. நாயகன் தையல்காரன், வில்லன் தேநீர்க்கடையில் வேலை செய்கிறவன். ஒரு கோபுரமும் இல்லை, ஆனால் அம்மம்மா பார்த்திருந்தால் அந்த ஊரைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார். எங்களிடம் கரடிப்போக்கு, புலியங்குளம், ஆனைவிழுந்தான் என்று பெயர்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் விலங்கு, மரம், தண்ணீர் என்று ஒரு காரணத்தோடு வந்தவை. உங்கள் இல்லாத ஊருக்கும் அப்படியொரு காரணத்தோடு பெயர் வையுங்கள். பெயர் சரியாக வந்தால் பாதி ஊர் தானாக வரும்.

அப்புறம் சத்தம். படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். விடிய கோயில் ஸ்பீக்கர், வாய்க்காலில் இறைக்கிற மெசின், பாண் ஓட்டோவின் பாட்டு, தூரத்தில் ரயில். இவை இருந்தால் சட்டகத்துக்கு வெளியிலும் ஊர் இருக்கிறது என்று பார்ப்பவர் நம்புவார். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

தகரத்துக் குசினியைப் பற்றி அக்காவிடம் கேட்டுவிட்டேன், படம் பிடிக்கச் சம்மதம். முகம் வரக்கூடாது, கை வரலாமாம். வருகிற ஞாயிறு மழையில்லாவிட்டால் கமராவோடு வாருங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னமே வந்துவிடுங்கள், அவர் உலை வைக்கிற நேரம் அதுதான். ஒரு மணி தாண்டினால் பொட்டுகள் நிலத்தை விட்டு அரிசி வாளிப் பக்கம் போய்விடும்.