அதிக உதிரப்போக்கு: எந்த அறுவை சிகிச்சை, யாருக்கு?

மகளிர் நலம்: வாசகியர் கேள்விகளுக்கு மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டு குழந்தைகளும் சிசேரியன் மூலம் பிறந்தவர்கள். இரண்டாவது பிரசவத்தின்போதே குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சையும் செய்துகொண்டேன். மூன்று ஆண்டுகளாக மாதவிலக்கின்போது கட்டி கட்டியாக உதிரம் போகிறது. முதல் மூன்று நாட்களில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்றுகிறேன்; இரவிலும் எழ வேண்டியிருக்கிறது. வயிற்று வலியும் அதிகம். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பப்பை சற்றுப் பெரிதாக இருப்பதாகவும், அதன் தசைச்சுவரில் 3 செ.மீ. ஃபைப்ராய்டு (தசைக்கட்டி) இருப்பதாகவும், அடினோமயோசிஸ் இருக்கலாம் என்றும் ஸ்கேன் அறிக்கை சொல்கிறது. மாத்திரை சாப்பிட்டால் உதிரம் குறைகிறது. நிறுத்தினால் பழைய நிலைதான். ஒரு மருத்துவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் உள்சவ்வை மட்டும் வெப்பத்தால் அழித்தால் போதும் என்கிறார். நான் எதை ஏற்பது?

பதில்: சகோதரி, அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன் 8.2 என்ற எண்ணைப் பற்றிப் பேச வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 8.2 உடன் அறுவை மேசைக்குப் போனால், ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும், காயம் ஆறுவதில் தாமதமும், நோய்த்தொற்றுக்கான வாய்ப்பும் கூடுகின்றன. எனவே எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும், அவசர நிலை இல்லாத வரை, உதிரப்போக்கை மருந்தால் தற்காலிகமாக அடக்கி, இரும்புச்சத்து மாத்திரையாலோ, அது ஒத்துக்கொள்ளாவிட்டால் நரம்பு வழியாகச் செலுத்தும் இரும்புச்சத்தாலோ ரத்தத்தைத் தேற்றிக்கொள்வதே முதல் வேலை. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்தச் சில வாரங்கள் நிதானமாக யோசிப்பதற்கும் உங்களுக்கு உதவும்.

அதே இடைவெளியில் கர்ப்பப்பை உள்சவ்விலிருந்து பயாப்சி எடுத்துப் பார்க்க வேண்டும். 45 வயதை எட்டியவர்களுக்கும், மருந்தால் நிலையாகக் கட்டுப்படாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது வழக்கமாகச் செய்யப்படுகிறது. நீங்கள் இரண்டாவது வகையில் வருகிறீர்கள். மெல்லிய குழாய் ஒன்றைக் கர்ப்பப்பை வாய் வழியாகச் செலுத்திச் சிறிதளவு திசுவை உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. சில நிமிடங்கள் மாதவிலக்கு வலி போல இழுத்துப் பிடிக்கும். இந்த முடிவு வராமல் உள்சவ்வை அழிக்கும் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்தால், சிகிச்சையின் திசையே வேறு. தைராய்டு பரிசோதனை செய்யவில்லை என்றால் அதையும் செய்துகொள்ளுங்கள். பூப்படைந்த காலத்திலிருந்தே உதிரம் அதிகமாகப் போனதா, பல் பிடுங்கும்போது ரத்தம் நிற்கத் தாமதமானதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறைவதில் உள்ள பிறவிக் குறைபாடு சிலருக்கு நடுவயது வரை தெரியாமலேயே இருந்துவிடுகிறது.

இனி, உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு வழிகளையும் பார்ப்போம். உள்சவ்வை அழிக்கும் சிகிச்சையில், கர்ப்பப்பைக்குள் சூடான திரவம் நிரம்பிய பலூனையோ, மின் ஆற்றலால் வெப்பம் தரும் வலை போன்ற கருவியையோ வைத்து உள்சவ்வைப் பொசுக்குகிறார்கள். வயிற்றில் வெட்டு இல்லை. வலைக் கருவியானால் வெப்பம் செலுத்தும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். தகுதியான பெண்களுக்கு இது நல்ல சிகிச்சை. ஆனால் எல்லோருக்கும் மாதவிலக்கு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. பலருக்கு அது குறைந்த அளவில் தொடர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய நிலைக்கு வருகிறார். இளம் வயதில் செய்துகொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல்.

உங்கள் விஷயத்தில் இந்தச் சிகிச்சைக்கு எதிராக மூன்று காரணங்கள் இருப்பதாக நான் கருதுகிறேன். அடினோமயோசிஸ் என்பது உள்சவ்வின் திசு தசைச்சுவருக்குள் ஊடுருவி வளர்ந்திருக்கும் நிலை. வெப்பமோ சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். ஆழத்தில் உள்ள திசு அப்படியே இருந்து, மாதந்தோறும் வலியையும் உதிரத்தையும் தொடரச் செய்யும். அடுத்து, உங்கள் கருக்குழாய்கள் கட்டப்பட்டிருக்கின்றன. வெப்பம் எட்டாத மூலைகளில் எஞ்சிய உள்சவ்வு கசியும்போது, கீழே தழும்பு அடைத்திருக்க, மேலே குழாயும் மூடியிருக்க, ரத்தம் போக வழியின்றித் தேங்கி, ஒரு பக்கமாகவோ இரு பக்கமுமோ கடுமையான வலி உண்டாகலாம். மூன்றாவது, இரண்டு சிசேரியன் தழும்புகள். அந்த இடத்தில் சுவர் மெலிந்திருந்தால் வெப்பம் முன்னால் உள்ள சிறுநீர்ப்பையைப் பாதிக்கக்கூடும் என்பதால், தழும்பின் தடிமனை ஸ்கேனில் அளந்து பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்த மருத்துவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். பொருத்தமான விளக்கம் அவரிடம் இருக்கலாம். அதைக் கேட்டறிவது உங்கள் உரிமை.

கர்ப்பப்பையை அகற்றினால் மாதவிலக்கு உறுதியாக நிற்கும். அடினோமயோசிஸ் வலியும் தீரும். இந்த உறுதி வேறு எந்தச் சிகிச்சையிலும் இல்லை. பிரிட்டனில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் முறை) மூலம் கர்ப்பப்பையின் மேற்பகுதியை மட்டும் அகற்றிக்கொண்டவர்களையும், உள்சவ்வை அழித்துக்கொண்டவர்களையும் 15 மாதங்களுக்குப் பின் விசாரித்தபோது, முதல் பிரிவில் நூற்றுக்கு 97 பேரும் இரண்டாம் பிரிவில் 87 பேரும் சிகிச்சையில் நிறைவடைந்ததாகக் கூறினர். ஆனால் இது பெரிய அறுவை சிகிச்சை. ரத்தப்போக்கு, நோய்த்தொற்று, கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைதல், சிறுநீர்ப்பைக்கோ சிறுநீர்க்குழாய்க்கோ குடலுக்கோ காயம் என்னும் ஆபத்துகள் குறைந்த அளவிலேனும் உண்டு. சிசேரியன் செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை தழும்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால், அந்த ஆபத்து சற்றுக் கூடுகிறது.

எந்த வழியாக அகற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். இயலுமானால் பிறப்புறுப்பு வழியாக எடுப்பதே சிறந்தது. அது இயலாதபோது லேப்ராஸ்கோப்பி. இரண்டும் பொருந்தாதபோதுதான் வயிற்றைக் கிழிக்க வேண்டும். சுகப்பிரசவம் ஆகாத உங்களுக்கு லேப்ராஸ்கோப்பி ஏற்றதாக இருக்கக்கூடும். அதில் சில வாரங்களில் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடலாம். வயிற்றைக் கிழித்தால் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகும். இத்தகைய அறுவை சிகிச்சைகளை மருத்துவர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியால் வருத்தப்பட மாட்டார்.

இரண்டு மருத்துவர்களில் எவரும் சொன்னதாக நீங்கள் எழுதாத ஒன்று உண்டு. லீவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். இது அறுவை சிகிச்சை இல்லை என்றாலும், இதை விட்டுவிட்டு அறுவை சிகிச்சைகளை எடைபோட முடியாது. பெரும்பாலோருக்கு உதிரப்போக்கைப் பெருமளவு குறைக்கும். அடினோமயோசிஸ் வலியிலும் பலன் தரும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒழுங்கற்ற சொட்டு உதிரம் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் பொறுமையிழந்து பாதியிலேயே எடுத்துவிடுகிறார்கள். இந்தச் சாதனத்தையும் கர்ப்பப்பை அகற்றத்தையும் ஒப்பிட்டுப் பின்லாந்தில் 236 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சாதனத்தை வைத்துக்கொண்ட பிரிவில் நூற்றுக்கு 42 பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதற்குத் தேவை எழவில்லை. இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே, பயாப்சி முடிவு கவலை தராததாக இருந்தால், நான் இந்தச் சாதனத்தை முதலில் வைத்து ஆறு மாதம் பார்ப்பேன். பலன் இல்லாவிட்டால், அல்லது அது உங்களுக்கு விருப்பம் இல்லாவிட்டால், நேராகக் கர்ப்பப்பை அகற்றத்துக்குச் செல்வேன். மாதவிடாய் முற்றுப்பெறும் சராசரி வயது 50-ஐ ஒட்டி வருகிறது என்பதால் இன்னும் சில ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். இந்த ஹீமோகுளோபினோடு அத்தனை ஆண்டுகள் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: வயது 36. இன்னொரு குழந்தை வேண்டும் என்று விரும்புகிறேன். கர்ப்பப்பையின் உட்புறமாகப் பிதுங்கி நிற்கும் 2 செ.மீ. ஃபைப்ராய்டால் உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறது. கர்ப்பப்பையை இழக்காமல் தப்ப முடியுமா?

பதில்: நிச்சயம் முடியும். அளவில் சிறியதானாலும் உட்புறம் பிதுங்கி நிற்கும் கட்டிதான் உதிரத்தை அதிகம் வரவழைக்கும். வெளிப்புறம் வளர்ந்த பெரிய கட்டி பேசாமல் இருந்துவிடுவதும் உண்டு. உங்களுக்கு ஏற்றது ஹிஸ்டரோஸ்கோப்பி. கர்ப்பப்பை வாய் வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தி, உட்புறத்தைத் திரவத்தால் விரித்துக்கொண்டு, கட்டியைச் சிறிது சிறிதாகச் சீவி எடுப்பார்கள். வயிற்றில் தழும்பு இராது. அந்தத் திரவம் உடலுக்குள் எவ்வளவு ஈர்க்கப்படுகிறது என்பதைக் கணக்கிட்டுக்கொண்டே செய்வார்கள். அளவு மிஞ்சினால் பாதியில் நிறுத்தி, இன்னொரு நாள் முடிப்பார்கள். அப்படி நேர்ந்தால் தோல்வி என்று எண்ண வேண்டாம். கட்டியின் பாதிக்கு மேல் தசைக்குள் புதைந்திருந்தாலும் இரண்டு அமர்வுகள் தேவைப்படலாம்.

உள்சவ்வை அழிக்கும் சிகிச்சையை உங்களுக்கு யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அதன் பின்னர் கருத்தரித்தால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரில் ஆழமாகப் பதிந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டிக்கு ரத்தம் செல்லும் குழாயை அடைக்கும் எம்போலைசேஷன், பலருக்கு நல்ல பலன் தரும் முறைதான் என்றாலும், குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு முதல் தேர்வாக இல்லை.

கேள்வி: உதிரப்போக்குக்காக இரண்டு முறை ‘சுத்தம்’ செய்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு மீண்டும் வந்துவிட்டது. மூன்றாவது முறை செய்யலாமா?

பதில்: வேண்டாம். டி அண்ட் சி என்னும் அந்தச் சுரண்டல், பரிசோதனைக்குத் திசு எடுக்கவும் அவசரத்தில் ரத்தத்தை நிறுத்தவும் பயன்படுவது. சுரண்டிய உள்சவ்வு அடுத்த மாதமே மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால், அதை நீடித்த சிகிச்சையாகக் கருத முடியாது. முந்தைய இரண்டு முறையும் எடுத்த திசுவின் ஆய்வு அறிக்கைகளைத் தேடி எடுத்துக்கொண்டு போய், உதிரப்போக்கின் காரணம் என்ன என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 47. கர்ப்பப்பையை எடுப்பது என்று முடிவாகிவிட்டது. ‘எப்படியும் வயிற்றைத் திறக்கிறார்கள், சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடு, பின்னால் புற்றுநோய் வராது’ என்கிறார் என் அக்கா. எடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் அக்காவின் அக்கறை புரிகிறது. ஆனாலும் சினைப்பைகள் நன்றாக இருந்தால் அவற்றை விட்டுவைப்பதே நல்லது. மாதவிடாய் முடிவதற்கு முன் இரண்டையும் எடுத்தால் ஹார்மோன் ஒரே நாளில் அற்றுப்போகும். உடல் கொதிப்பு, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவை திடீரென்று தாக்கும். எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முன்கூட்டியே வரும் வாய்ப்பு உண்டு. சினைப்பைப் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ நெருங்கிய உறவினர் பலருக்கு வந்திருந்தால், அல்லது மரபணுப் பரிசோதனையில் அதற்கான மாற்றம் தெரிந்திருந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. அப்படி ஏதும் இல்லாதவர்களில் வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் காண்பவர்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு.

கருக்குழாய்களை மட்டும் எடுத்துவிடும்படி மருத்துவரிடம் கேட்கலாம். சினைப்பைப் புற்றுநோய் என்று அறியப்படுவதில் பெரும்பகுதி குழாயின் நுனியில் தொடங்குவதாக இப்போது தெரியவந்திருக்கிறது. குழாய்கள் ஹார்மோன் சுரப்பதில்லை என்பதால் அவற்றை இழப்பதால் உங்களுக்குக் குறை ஏதுமில்லை.

கர்ப்பப்பை வாயை விட்டுவைப்பதாக இருந்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். சிலருக்கு மாதந்தோறும் சிறு கசிவும் நீடிக்கும். சினைப்பைகள் இருந்தாலும், கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு மாதவிடாய் முற்றுப்பெறும் பருவம் சற்று முன்னதாகவே வந்துவிடலாம். மாதவிலக்கு நின்றுவிட்டது என்ற அடையாளமும் அப்போது கிடைக்காது. எனவே அடுத்த சில ஆண்டுகளில் உடல் கொதிப்போ இரவு வியர்வையோ தொடங்கினால், காரணம் தெரியாமல் தவிக்காமல், கர்ப்பப்பை எடுத்த விவரத்தைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.