தாமதமான திட்டப்பணியும் கூடுதல் ஆட்களும்: கேள்வி பதில்

இருபத்திரண்டு ஆண்டுகளாக மென்பொருள் திட்டப்பணிகளை நடத்தி வருகிறேன். வந்திருக்கும் கேள்விகளில் என் அனுபவத்துக்கு உட்பட்டவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் விடையளிக்கிறேன்.

கேள்வி: பணிகளைக் கண்காணிக்க எந்த மென்பொருள் சிறந்தது?

பதில்: பத்துப் பேருக்குக் குறைவான குழு என்றால் ஓர் எக்செல் தாளே போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, எந்த நிலையை எட்டினால் அது ‘முடிந்தது’ என்று சொல்லும் ஒரு வரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் விலையுயர்ந்த மென்பொருள் வாங்கியும் பயனில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் குழுவில் ஐந்து பேர். பணி இரண்டு மாதம் பின்தங்கிவிட்டது. நிர்வாகம் மேலும் நான்கு பேரைத் தருவதாகச் சொல்கிறது. ஏற்கலாமா?

பதில்: அவசரப்பட்டு ஏற்காதீர்கள். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதள மென்பொருளின் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் பணியில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இல் எழுதினார். ஐந்து பேர் இருக்கும்போது இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் உண்டு. ஒன்பது பேரானால் அது 36 ஆகிவிடும். ஆட்கள் இரு மடங்குகூட ஆகாத நிலையில் பேச வேண்டியது மூன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சரக்குக் கணக்கு மென்பொருளை மாற்றும் பணியில், கடைசி ஆறு வாரம் இருக்கும்போது மூன்று பேரைச் சேர்த்தேன். முதல் மூன்று நாள்கள் தரவுத்தள அனுமதி வராமல் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அனுமதி வந்ததும், பழைய கணக்கில் சில பொருள்களின் இருப்பு ஏன் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று மூவரும் தனித்தனியாக ஒரே பெண்மணியிடம் போய்க் கேட்டார்கள். சரக்கு கிளம்பி இரண்டு நாள் கழித்து வரவைப் பதியும் பழக்கம்தான் காரணம் என்பது அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர் மேசை அருகே எந்நேரமும் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். குழுவிலேயே விரைவாக வேலை செய்யக்கூடிய அவர், இரண்டு வாரம் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. தவறு புதியவர்களுடையது அன்று, என்னுடையது.

நிர்வாகத்திடம் ஆட்களைக் கேட்பதற்குப் பதிலாக, முதல் வெளியீட்டில் எதை விட்டுவிடலாம் என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் இசையாவிட்டால் கெடுவைத் தள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாங்கள் பாதி வழியில் ஆறு பேரைச் சேர்த்துத்தான் கெடுவுக்குள் முடித்தோம்.

பதில்: என்ன வேலை அது?

கேள்வி: காகிதக் கோப்புகளில் இருந்த விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை.

பதில்: அப்படியானால் நமக்குள் சண்டையே இல்லை. ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்து, கட்டுக் கட்டாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலைக்கு ஆள் சேர்த்தால் வேகம் கூடத்தான் செய்யும். தம் விதி அளவுக்கு மீறி எளிமைப்படுத்தப்பட்டது என்று புரூக்ஸே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: என் குழுவில் ஒருவர் மூன்று வாரமாக ‘90% முடிந்தது’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: சதவீதத்தைக் கேட்பதை நிறுத்துங்கள். ‘மீதம் என்னென்ன?’ என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் எதிரிலேயே எழுதுங்கள். பட்டியல் நீண்டால் அவர்மீது கோபப்படாதீர்கள்; கோபப்பட்டால் அடுத்த வாரம் 95% என்பார்.

கேள்வி: கண்காணிப்பு மென்பொருள் எது நல்லது?

பதில்: முதல் பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: எத்தனை நாள் ஆகும் என்று கணித்தாலும் தவறிப்போகிறதே?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று அவர்கள் சொன்ன கணக்குகூட 49 நாளுக்குள் அடங்கியிருந்தது. ஆகவே மனக்கணக்கை விட்டுவிட்டு, இதே போன்ற சென்ற பணி உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று பாருங்கள். அந்தப் பணியும் ஏட்டில் ‘90%’ என்றே நிற்கிறது என்றால் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதச் சம்பளப் பாக்கியை வாங்க என்ன வழி?

பதில்: தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: தாமதத்தை வாடிக்கையாளரிடம் எப்போது சொல்வது?

பதில்: உங்களுக்குத் தெரிந்த அன்றே, புதிய தேதியோடு. ஒரே ஒருமுறை தள்ளினால் பொறுத்துக்கொள்வார்கள். வாரம் ஒரு வாரமாக நான்கு முறை தள்ளினால் ஐந்தாவது தேதியை நம்ப மாட்டார்கள். அவர்களிடமும் சதவீதம் சொல்லாதீர்கள்.

கேள்வி: நல்ல மென்பொருள் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

பதில்: முடியாது.

கேள்வி: நான் முன்பு மறுத்துப் பேசியவன். மென்பொருள் பணியிலேயே, புதியவர்கள் அந்தப் பெண்மணியை நேரடியாக அணுகாதபடி தடுத்திருந்தால் உங்கள் கதை மாறியிருக்காதா?

பதில்: நியாயமான கேள்வி. பிற்பாடு ஒரு பணியில் அதைத்தான் செய்தேன்: கேள்விகளைப் பொதுக் கோப்பில் எழுதச் சொல்லி, மாலையில் அரைமணி நேரம் மட்டும் மூத்தவரை உட்கார வைத்தேன், விடைகளைப் புதியவர் ஒருவரே எழுதி வைத்தார். பாதிக் கேள்விகள் மாலைக்குள் தாமாகவே தீர்ந்துவிட்டன. ஆனால் அப்போது கெடுவுக்கு ஐந்து மாதம் இருந்தது. ஆறே வாரத்தில் அது பலித்திருக்கும் என்று சொல்லத் துணிய மாட்டேன். எனக்கும் ஒரு கேள்வி: உங்கள் ஆறு பேருக்குக் கணினி அனுமதி எப்போது கிடைத்தது?

கேள்வி: சேர்ந்த அன்று காலையிலேயே. எங்கள் அலுவலக உதவியாளர் முந்தைய வாரமே விண்ணப்பித்திருந்தார்.

பதில்: அந்த உதவியாளரை என் அடுத்த பணிக்குக் கடன் கொடுங்கள். அவர் ஒருவரைச் சேர்ப்பதானால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.