டிரைவிங் டெஸ்டில் நிறுத்தும்போது கார் ஆஃப் ஆகிவிட்டால் பெயில் போட்டுவிடுவார்களா?

நீங்களும் டிரைவிங் ஸ்கூல் வண்டியில்தான் பழகுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆஃப் ஆனதற்காக மட்டும் பெயில் போட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் போட்டார்கள். ஆனால் நான் செய்து வைத்தது அது மட்டுமல்ல.

அப்போது எனக்கு வயது 41. டெஸ்ட் அன்றைக்கு, அதை நடத்தும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் இடப்பக்கம் ஏறி உட்கார, மாஸ்டர் பின் சீட்டுக்குப் போய்விட்டார். கிளப்பினேன், கியர் மாற்றினேன், எல்லாம் நன்றாகவே போனது. "அப்படியே ஓரமா நிறுத்தும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அவ்வளவுதான், நிறுத்திவிட்டேன். ஓரத்தில் அல்ல, பாதி ரோட்டில். கிளட்ச்சே மிதிக்கவில்லை, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆனது. அவர் மடியிலிருந்த ஃபைல் காலடியில் விழுந்தது. பின்னால் டிவிஎஸ் 50-ல் குடம் கட்டி வந்தவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது சொன்னதை இங்கே எழுத முடியாது. இன்ஸ்பெக்டர் திட்டவில்லை. "கண்ணாடி பாத்தீங்களா? கை காட்டுனீங்களா? அடுத்த வாரம் வாங்க" என்றார். (7 நாள் கழித்துத்தான் மறுபடி போகலாம். மூன்று தடவை போயும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.)

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. பதினைந்து நாள் வகுப்பில் நான் ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தவே இல்லை! ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் பிரேக், கிளட்ச் உண்டு. நான் மிதிப்பதற்குள் அவர் மிதித்துவிடுவார். எல்லா மாஸ்டரும் இப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். மறுநாள் அவரைச் சீட்டில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னேன். "அக்கா, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று முனகிக்கொண்டே காலைத் தூக்கினார். அன்றைக்கு ஒரு காம்பவுண்டு சுவர் ஓரமாகவே இருபது தடவை நிறுத்தினேன்.

பின்னால் வருவதைக் கண்ணாடியில் பாருங்கள். இடது இண்டிகேட்டர் போட்டு, வலது முழங்கையை வெளியே வைத்து உள்ளங்கை வலப்பக்கம் பார்க்கக் கையை நேராக உயர்த்துங்கள். பிறகு மெதுவாக பிரேக். கிளட்ச் கடைசியில்தான், முதலிலேயே அமுக்கினால் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். நின்றதும் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், அதற்கப்புறம்தான் காலை எடுக்க வேண்டும். ஆஃப் ஆனாலும் பதறாமல் நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

இரண்டாவது தடவை பாஸ். காசு கொடுத்திருப்பாய் என்பீர்கள். நான் தனியாக ஒரு பைசா கொடுக்கவில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அதே மாதம்தான் நாத்தனார் மகனுக்கும் லைசென்ஸ் வந்தது. அவனுக்காகக் குடும்பமே ஓட்டலுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டது. எனக்கு, "இனிமே பால் வாங்க நீயே போயிடலாம்" என்றார் வீட்டுக்காரர். பிரியாணி பில்லைக் கட்டியது நான்.