லூருக்கு எந்த வண்ணம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தூண்டில் மீன்பிடித்தலைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக் குளங்களில் விராலுக்குத் தூண்டில் போடுபவன் நான். கடையில் வாங்கும் லூர்கள் (மீனை ஈர்க்க முள் மாட்டிய செயற்கை இரைமீன்கள்) தாமரைக் கொடியில் சிக்கி அறுந்துபோவதால், இவ்வாண்டு நானே செய்து பார்க்கத் தொடங்கினேன். தச்சுப் பட்டறையில் கிடைத்த தேக்குத் துண்டில் நான்கு அங்குல நீளத்துக்கு ஒரு கெண்டையைச் செதுக்கி, முன்புறம் ஒரு தகடும் பொருத்தி, செதிள் செதிளாகத் தூரிகையால் தீட்டினேன். பார்த்தவர்கள் உயிருள்ள மீன் என்றே சொன்னார்கள். ஆனால் தண்ணீரில் போட்டு இழுத்தால் அது ஒருபக்கமாகச் சாய்ந்தபடி வருகிறது, ஆட்டமே இல்லை. ஒரே நாளில் முள் மாட்டிய இடத்தில் வண்ணமும் உப்பிவிட்டது. எந்த வண்ணமும் எந்த வார்னிஷும் பயன்படுத்தினால் சரியாகும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வண்ணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் லூரின் குறையோ தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, மரத்தைத் தேர்ந்தெடுத்தபோதே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தன் கையால் லூர் செய்யும் எவரும் முதலில் நீச்சலைச் சரிசெய்ய வேண்டும். வண்ணம் அதற்குப் பிறகு வர வேண்டியது.

பின்லாந்தின் பையன்னே ஏரியில் மீன்பிடித்து வாழ்ந்த லௌரி ரபாலாவின் கதை இதற்கு நல்ல சான்று. பல முட்கள் கொண்ட நீண்ட தூண்டில் கயிறுகளில் ஒவ்வொரு முள்ளிலும் சிறுமீனைக் கோப்பதிலேயே அவருடைய நேரமும் உழைப்பும் கரைந்தன. பெரிய மீன்கள் சிறுமீன் கூட்டத்துக்குள் பாயும்போது, சற்றே தடுமாறி, மற்றவற்றிலிருந்து மாறுபட்ட ஆட்டத்தோடு நீந்தும் மீனைத் தேடித் தாக்குவதை அவர் கவனித்திருந்தார். அந்தத் தடுமாற்றத்தைப் பொருளில் கொண்டுவர முயன்று, 1936இல் செருப்புத் தைப்பவர்களின் கத்தியாலும் உப்புத்தாளாலும் தக்கையைச் செதுக்கித் தம் முதல் லூரை உருவாக்கினார். அதன் மேற்பூச்சு சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாள். அதற்கு மேல் பாதுகாப்பாகப் புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசினார். (அக்காலத்து நெகட்டிவ் எளிதில் தீப்பற்றக்கூடியது, ஆகவே யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) செதிளைத் தீட்டும் நுட்பம் எதுவும் அதில் இல்லை, ஆனாலும் அது மீன் பிடித்தது. அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம் பின்னாளில் மிக இலேசான பால்சா மரத்துக்கு மாறியது. ஒவ்வொரு லூரையும் தொட்டியில் நீந்தவிட்டுச் சோதித்த பிறகே அனுப்புவதைத் தன் வழக்கமாகவும் வைத்துக்கொண்டது. லூர் செய்வோர் அவரிடமிருந்து கற்க வேண்டியது இந்தச் சோதனையைத்தான் என்று நான் கருதுகிறேன்.

இனி உங்கள் தேக்குக் கெண்டைக்கு வருவோம். தேக்கின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ, பால்சாவின் அடர்த்தியோ ஏறத்தாழ 150 கிலோதான். லூர் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அதன் எடை வயிற்றுப் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். தேக்கில் உடலே பெரும் எடையைக் கொண்டிருப்பதால், மிதக்கும் தன்மையை இழக்காமல் அடியில் ஈயம் சேர்க்க மிகக் குறைந்த இடமே மிஞ்சுகிறது. ஈயமில்லாத தட்டையான மரத்துண்டு தண்ணீரில் படுத்தேதான் மிதக்கும். இலேசான மரமானால் வயிற்றில் சில கிராம் ஈயம் வைத்துவிடலாம். அப்போது லூர் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் போல எத்தனை முறை சாய்ந்தாலும் மீண்டும் நிமிரும். இழுக்கும்போது முன் தகட்டைத் தாண்டும் நீர் இருபுறமும் மாறி மாறிச் சுழித்து உடலைச் சாய்க்கிறது, வயிற்று ஈயம் அதை மீட்கிறது. இந்த இரண்டின் இழுபறியே நாம் ஆட்டம் என்று சொல்வது. ஈயம் குறைந்தால் லூர் புரண்டுவிடும், மிகுந்தால் ஆட்டம் செத்துவிடும்.

ஆகவே விமான மாதிரிகள் செய்வோருக்கான கடைகளில் கிடைக்கும் பால்சாவையோ, ஊரில் எளிதாகக் கிடைக்கும் கல்யாண முருங்கையை நன்றாக உலர்த்தியோ பயன்படுத்துங்கள். கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே நடுக்கோட்டைப் பென்சிலால் வரைந்து, தகட்டுக்கான வெட்டையும் ஈயத்துக்கான துளையையும் போட்டுவிட வேண்டும். உடலை உருட்டி இழைத்த பிறகு வெட்டினால் தகடு கோணலாகத்தான் அமையும். தகட்டுக்குப் பழைய சி.டி. போதுமானது, அது 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட், மேலுள்ள பூச்சைச் சுரண்டிவிட்டால் கண்ணாடிபோல் தெளிவாகிவிடும். தகடு செங்குத்தை நெருங்க நெருங்க லூர் மேல்மட்டத்திலேயே ஓடும், படுக்கையாகச் சாயச் சாய ஆழத்துக்கு இறங்கும். கொடி மண்டிய உங்கள் குளங்களுக்குச் சிறிய, செங்குத்தான தகடே ஏற்றது.

மரத்துக்கு முதல் காப்புப் பூச்சைக் கொடுத்த உடனே, வண்ணம் தீட்டுவதற்கு முன், சோதனையைச் செய்துவிடுங்கள். முட்களும் எடைதான் என்பதால் அவற்றையும் மாட்டியே சோதிக்க வேண்டும். ஈயத்தை முதலில் ஒட்டுநாடாவால் வயிற்றுத் துளையருகே ஒட்டி, வாளித் தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கத் தேவையான எடையைக் கண்டறிந்த பிறகு துளைக்குள் புதைக்கலாம். பிறகு தொட்டியிலோ குளக்கரையிலோ இழுத்துப் பாருங்கள். உங்களை நோக்கி வரும்போது அது இடப்பக்கம் ஒதுங்கினால், தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தைக் குறட்டால் மிகச் சிறிதளவு வலப்பக்கம் வளைக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டாத கட்டைக்கு வண்ணம் தீட்டுவது வீண் என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

வண்ணம் உப்பியதற்குக் காரணம் வண்ணமல்ல. வளையத் திருகு இறங்கிய துளையின் வழியே நீர் புகுந்து மரம் ஊதியிருக்கிறது. மரம் ஊதினால் எத்தனை விலையுயர்ந்த வார்னிஷும் வெடிக்கத்தான் செய்யும். எல்லாத் துளைகளையும் போட்டு முடித்த பிறகே காப்புப் பூச்சைப் பூச வேண்டும், திருகை எபாக்ஸிப் பசையில் தோய்த்தே இறக்க வேண்டும்.

தீட்டும் முறையைப் பொறுத்தவரை, வெள்ளை பிரைமருக்கு மேல் அக்ரிலிக் வண்ணங்களை வெளிறியதில் தொடங்கி அடர்ந்ததில் முடியுங்கள்: வெள்ளை வயிறு, இடைநிறப் பக்கம், கருத்த முதுகு. உண்மையான கெண்டையும் இப்படித்தான் இருக்கிறது. செதிளுக்குத் தூரிகை வேண்டாம். வெங்காயம் வரும் வலைப்பையை உடல்மேல் இறுக்கி, அடர்நிறத்தை இலேசாகத் தெளித்து எடுத்தால் செதிள் வரிசை தானே விழும். உங்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன், அதில் நீங்கள் அடையும் மகிழ்ச்சியும் உண்மையானது. ஆயினும் மழைக்குப் பின் கலங்கிய குளத்தில் ஒரு சாண் தூரத்துக்குத்தான் பார்வை எட்டும்; கீழிருந்து நோக்கும் விராலுக்கு வானத்தின் வெளிச்சத்தில் தெரிவது லூரின் கருநிழல் மட்டுமே. கலங்கல் நீருக்கு முழுக் கறுப்போ பளிச்சிடும் மஞ்சள்பச்சையோ போதும், தெளிந்த நீருக்குச் சமையல் அலுமினியத் தாளை ஒட்டி அரத்தால் வரி இழுத்தது போதும். சிவப்பை நம்பி அதிகம் செலவிட வேண்டாம். நீர் முதலில் உறிஞ்சிக்கொள்வது சிவப்பு ஒளியைத்தான், சில மீட்டர் ஆழத்தில் அது கருமையாகிவிடும்.

கடைசிப் பூச்சுக்கு மெதுவாக இறுகும் இருபகுதி எபாக்ஸியே சிறந்தது. இரு பகுதிகளையும் சரியாக அளந்து, குமிழி எழாதபடி மெல்லக் கலக்கிப் பூசி, இறுகும் வரை லூரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றில் வடிந்து திரண்டு, அரும்பாடுபட்டு அமைத்த சமநிலையை அதுவே கெடுத்துவிடும். ஈயத்தை வீட்டுச் சமையலறையில் உருக்காதீர்கள், கடையில் கிடைக்கும் ஈயக்குண்டையே வெட்டிப் பயன்படுத்துங்கள்.

விராலைப் பற்றி ஒரு வேண்டுகோள். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் இடத்தில் தாய்தந்தை மீன்கள் காவல் நிற்கும், அருகில் வரும் எதையும் பாய்ந்து தாக்கும். அங்கே எந்த லூரும் வெற்றிபெறும். அதனாலேயே அங்கே போடக் கூடாது, காவலை இழந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். வேறிடத்தில் போடும்போதும் தொங்கும் மும்முனை முள்ளுக்குப் பதிலாக முனை மேல்நோக்கிய ஒற்றை முள்ளை மாட்டினால், தாமரைக் கொடியில் சிக்குவது பெருமளவு குறையும். ஆனால் முள்ளை மாற்றியதும் எடையும் மாறிவிடுவதால், வாளிச் சோதனையை இன்னொரு முறை செய்தாக வேண்டும். சரியாக நீந்திய வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்து, ஈயத்தின் எடையையும் அதன் இடத்தையும் தகட்டின் கோணத்தையும் அந்த அட்டையிலேயே குறித்து வையுங்கள். அடுத்த லூரை அதிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்